செக்பொயின்றுக்குப் பயந்த கார்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. உப்புவெளியில் ஒரு கலியாணப் பந்தலில், பக்கத்துக் கதிரையில் இருந்தவர் சோடாவைக் குடித்தபடி சொன்னார்: "எங்கட ஊரிலை ஒரு கார் இருந்தது. செக்பொயின்றைக் கண்டாப் பயத்திலை நிண்டிடும்." எல்லாரும் சிரித்தார்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதும் அவர் எழுந்து போய்விட்டார். கார் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

பயத்தில் கார் நிற்காது. அப்படியென்றால் ஏன் நின்றது? சொன்னவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். எழுதித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

(முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆண்டு தொண்ணூற்றேழு, ஊர் திருகோணமலை. ஆகவே யாராவது சாவார்கள் என்று காத்திருப்பவர் இப்போதே எழுந்து போகலாம். அந்த ஆண்டில் நாங்கள் சிரிக்கவும் செய்தோம். அதற்கு யாரும் ஆமியிடம் பாஸ் எடுக்கவில்லை.)

2

முதல் தொடக்கம்: "துறைமுகத்தின் நீல நீரில் விடியற் சூரியன் தன் பொற்கதிர்களை..." வேண்டாம். இது துறைமுகத்தைப் பார்க்க வந்தவர் எழுதுகிற வசனம். இங்கே இருக்கிறவனுக்கு அது பஸ்ஸுக்கு ஓடும்போது பக்கத்தில் கிடக்கிற தண்ணீர்.

இரண்டாம் தொடக்கம்: "ஆனந்தராசா வாடகைக் கார் ஓட்டினான். கார் யப்பானில் பிறந்தது. கார்பரேட்டர் இல்லாமல் பெற்றோலை ஊசியால் பீச்சுகிற இன்ஜெக்ஷன் வகை. ஊருக்குள் ஆமிக்காரர் அடையாள அட்டையை மட்டும் பார்ப்பார்கள். கண்டி வீதிக்கு ஏறினால் காரையும் சோதிப்பார்கள். எஞ்சினை நிறுத்தச் சொல்லி, ஆட்களை இறக்கி நடக்க விட்டு, பொனற்றைத் திறந்து பார்த்து மூடுவார்கள். பிறகு அவன் சாவியைத் திருப்புவான். எஞ்சின் பிடிக்கும். சாவியிலிருந்து கையை எடுத்தவுடன்..."

அந்த இடத்தில் என் வசனமும் நின்றது. இன்னும் இரண்டு தொடக்கம் எழுதிப் பார்த்தேன். இரண்டும் அந்தச் செக்பொயின்ற் வரைக்கும் ஒழுங்காக ஓடி வந்து, அங்கேயே படுத்துக்கொண்டன. எனக்கு எரிச்சல் வந்தது. காருக்குத்தான் வருத்தம் என்றால், கதைக்கும் நோயா?

3

ஆகவே ஒரு மெக்கானிக்கைக் கொண்டுவந்தேன். பெயர் முனாப், சொந்த ஊர் கிண்ணியா, கராஜ் பட்டினத்தில். எந்தக் கேள்விக்கும் முதலில் பிளேன்ரீக்கு, பால் விடாத தேத்தண்ணிக்கு, சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"இது மூச்ச எண்ணுற கார் தம்பி" என்றார். பொனற்றுக்குள் ஒரு பெட்டியையும், அதிலிருந்து எஞ்சினுக்குப் போகிற தடித்த கறுப்பு றப்பர்க் குழாயையும் காட்டினார். "இந்தப் பெட்டிக்குள்ளால காத்துப் போனாத்தான் பெற்றோல் பம்ப் ஓடும். ஸ்ராட் பண்ணக்குள்ள மட்டும் சாவி பம்ப ஓட்டும். சாவிய உட்டாப் பிறகு காத்துத்தான் ஓட்டணும். காத்து வரல்லண்டா, எஞ்சின் நிண்டுட்டெண்டு நெனச்சு அது பெற்றோல மறிச்சிரும்."

"அப்ப காத்து வரேல்லையோ, நானா?" என்றான் ஆனந்தராசா. முனாப்பை அண்ணன் முறையில் அவன் நானா என்றுதான் கூப்பிடுவான்.

முனாப் குழாயைக் கழற்றினார். டோர்ச் அடித்துப் பெட்டிக்குள் பார்த்தார். துடைத்தார். குழாயைத் திரும்பப் போட்டுக் கிளிப்பை இறுக்கினார். சாவியைத் திருப்பிக் கையை எடுத்தார். எஞ்சின் ஓடியது. பிளேன்ரீ ஆறும்வரை ஓடியது.

"ஒங்கட காருக்கு ஒரு வருத்தமும் இல்ல."

அடுத்தமுறை கண்டி வீதியில் நின்றது. உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்தார்கள். முனாப் குழாயைக் கழற்றிப் பார்த்துப் பூட்டினார். ஓடியது. ஒரு வருத்தமும் இல்லை.

(முனாப் மேல் சந்தேகப்பட்டு அவரைக் கதையிலிருந்து தூக்கிவிட நினைத்தேன். ஆனால் அவருடைய பிளேன்ரீ நல்லது.)

4

இதற்குள் கார் ஊரில் பேர் எடுத்துவிட்டது. பட்டு வேட்டியோடு ஒரு மாப்பிள்ளை இறங்கித் தள்ளியிருந்தார். கதை தம்பலகாமம் வரைக்கும் போய், அங்கே வயல் செய்கிற இராசையாவின் காதில் விழுந்தது. இராசையாவின் மகள் பூரணியைத்தான் ஆனந்தராசாவுக்குப் பேசியிருந்தார்கள்.

"செக்பொயின்றுக்கு நடுவிலை நிக்கிற காரை ஆர் தள்ளுறது?" என்றார் இராசையா. "இறங்க முன்னம் சுட்டுப்போடுவாங்கள். காரை வித்துப்போட்டு வாரும் தம்பி. இல்லாட்டிப் பொம்பிளை இல்லை."

"காரை வித்தா நான் என்னத்தை ஓட்டிச் சோறு போடுறது, மாமா?"

"இன்னும் மாமா ஆகேல்லை."

பூரணி உள்ளேயிருந்து சொன்னாள்: "அப்பா, ஒருக்கா ஏறிப் பாத்துப்போட்டுச் சொல்லலாம்தானே."

அப்படித்தான் தீர்மானம் வந்தது. தகப்பனும் மகளும் பஸ்ஸில் பட்டினத்துக்கு வருவார்கள். திரும்பும்போது ஆனந்தராசாவின் காரில். வழி கண்டி வீதி, அதில் இரண்டு செக்பொயின்ற். கார் நிற்காவிட்டால் கலியாணம்.

5

முதல் செக்பொயின்ற். இறங்கினார்கள், நடந்தார்கள், பொனற்றைத் திறந்து பார்த்து மூடினார்கள். ஆனந்தராசா சாவியைத் திருப்பிக் கையை எடுத்தான். கார் இருமி, இரண்டு முழம் போய், நின்றது.

தள்ளி ஓரங்கட்டினார்கள். இராசையாவும் தள்ளினார், அதுதான் கொடுமை. ஆனந்தராசாவின் முகத்தைப் பார்க்க எனக்கே மனம் கேட்கவில்லை. பேனாவை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

திரும்பி வந்தபோது பூரணி பேசிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆமிக்காரன் கறுப்புக் குழாயைக் கழட்டி உள்ளுக்குப் பாத்தவன். திரும்பச் சும்மா செருகிவிட்டவன். வடிவாப் பூட்டேல்லை."

"நீ ஏன் பிள்ளை அங்கை பாத்தனீ?" இராசையா பதறினார். "எங்கை போனாலும் எட்டிப் பாக்கிற விடுப்பு!"

ஆனந்தராசா பொனற்றைத் திறந்தான். குழாயின் வாய் ஒரு பக்கம் விலகி, ஒரு விரல் போகிற இடைவெளி. காற்று பெட்டிக்குள் போகாமல் குறுக்கு வழியால் போயிருக்கிறது. குழாயைத் தள்ளிச் செருகினான். கிளிப்பின் திருகாணியை இறுக்க ஒன்றுமில்லை. இராசையா முனகிக்கொண்டு சேட்டுப் பொக்கற்றிலிருந்து ஒரு ரூபாய் நாணயக் குத்தியை எடுத்துக் கொடுத்தார். அதன் விளிம்பால் இறுக்கினான்.

கார் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

"ஒண்டு போச்சு" என்றார் இராசையா. "மற்றதையும் பாப்பம்."

6

இப்போது பின்னால் போய்ப் பாருங்கள். "பொனற்றைத் திறந்து பார்த்து மூடினார்கள்." எத்தனை தரம் எழுதினேன்! பார்ப்பதற்கும் மூடுவதற்கும் நடுவில் அந்தக் கை என்ன செய்தது என்று நான் ஒருமுறைகூட எழுதவில்லை. ஏனென்றால் பார்க்கவில்லை. சோதிக்கிறவனின் கையைப் பார்க்கக் கூடாது என்பது எங்களுக்கு யாரும் சொல்லித் தராமலே வந்த பழக்கம். ஆனந்தராசா வயலைப் பார்ப்பான். நான் அடுத்த வசனத்தைப் பார்ப்பேன். முனாப் தன்னை அறியாமலே காரைத் திருத்தித் திருத்தி அனுப்புவார். பூரணியை நான் சாட்சிக்காக எழுதவில்லை. கலியாணத்துக்கு ஒரு பெண் வேண்டுமென்று எழுதினேன். அவள் விடுப்புப் பார்க்கிறவளாக இருந்தது என் அதிர்ஷ்டம்.

பிறகு அந்தச் சிப்பாய். முதலில் அவனுக்குச் சிவந்த கண்ணும் பெரிய மீசையும் வைத்தேன். அடுத்த பிரதியில் மிக நல்லவனாகி எல்லாருக்கும் ரொபி மிட்டாய் கொடுத்தான். இரண்டையும் கிழித்தேன். இப்போது இருப்பவனுக்கு இருபது வயது. காலையிலிருந்து பொனற் திறக்கிறான். கை போகிற குழாய் எல்லாவற்றுக்குள்ளும் பார் என்று சொல்லியிருக்கிறார்கள். திரும்பப் பூட்டு என்று யாரும் சொல்லவில்லை. எல்லாச் செக்பொயின்றுக்கும் இவனே போதும்.

7

இரண்டாவது செக்பொயின்ற். எஞ்சினை நிறுத்தியாயிற்று. இராசையா முன்னால் நடந்து தடையைத் தாண்டிவிட்டார். ஆனந்தராசா ஸ்ரியறிங்கில் இருக்கிறான். சிப்பாய் குழாயைக் கழற்றி, உள்ளே பார்த்து, சும்மா செருகுகிறான்.

பூரணி வரிசையிலிருந்து விலகி அவனிடம் போகிறாள். உள்ளங்கையில் அந்த ஒரு ரூபாய்க் குத்தி; முதல் செக்பொயின்றில் இறுக்கியபிறகு அவள்தான் அதை வாங்கி வைத்திருந்தாள்.

ஆனந்தராசாவுக்கு உயிர் போய்விட்டது. ஆமிக்காரனுக்கு லஞ்சம், அதுவும் ஒரு ரூபாய்!

அவளுக்குச் சிங்களம் தெரியாது. குழாயைக் காட்டுகிறாள். குத்தியை விரலில் பிடித்துக் காற்றில் திருகிக் காட்டுகிறாள். பிறகு காரைப்போல இருமி, தலையைத் தொங்கப்போட்டு, செத்துக் காட்டுகிறாள்.*

சிப்பாய் குத்தியை வாங்குகிறான். பொனற்றுக்குள் குனிகிறான்.

முடிவு அ: இறுக்குகிறான், சிரிக்கிறான். (ரொபி ஞாபகம் வருகிறது.)

முடிவு ஆ: அவன் கத்துகிறான், தோளிலிருந்து துவக்கை... (இதை வேறு பலர் எழுதிவிட்டார்கள். இன்றைக்கு வேண்டாம்.)

முடிவு இ: எனக்குத் தெரியாது. உண்மையாகவே. நான் ஆனந்தராசாவின் பக்கத்தில் இருக்கிறேன். தூக்கிய பொனற் எங்கள் இரண்டு பேருக்கும் அவன் கையை மறைக்கிறது. பூரணியை விட்டால் பார்க்கக்கூடியவர் ஒருவர்தான். தடைக்கு அந்தப் பக்கம், விடுப்புப் பார்க்கக் கூடாது என்று மகளை ஏசிய இராசையா, குதிக்காலை உயர்த்தி, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்தபடி பொனற்றுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பொனற் மூடுகிறது. சிப்பாய் குத்தியைப் பூரணியின் கையில் திருப்பிப் போடுகிறான். நான் அவனுக்கு வசனம் எழுதவில்லை. பூரணி குத்தியை இறுக்கிப் பிடித்தபடி தகப்பனிடம் நடக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நின்றால் எங்கே கை வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அது இராசையாவுக்கும் இப்போது தெரியும்.

சாவியை உங்களிடம் தருகிறேன். திருப்புங்கள். பிடிக்கும், அதில் பயமில்லை.

இனிக் கையை எடுங்கள்.

* இதைச் சாவு என்று கணக்கில் எடுக்க வேண்டாம்.