ஹலோவின் முதல் பொருள்

மனித குலத்தின் வருங்கால நன்மையைக் கருதி அறிவிக்கப்படுவது யாதெனில்: பேரகராதியின் ஏழாம் தொகுதி வெளியான நாள்முதல் யார் ‘ஹலோ’ என்றாலும் அவர் இருக்கும் இடத்துக்கு ஒரு படகு வந்து நின்றது. காரணம் தலைமைப் பதிப்பாசிரியர். அக்கரையில் இருக்கும் படகுக்காரரைக் கூப்பிட்ட பழைய கூவலிலிருந்துதான் அந்த ஆங்கிலச் சொல் பிறந்தது என்று சிலர் சொல்வதைப் படித்துவிட்டு, அதையே முதல் பொருளாகப் போட்டார். தொலைபேசியை இரண்டாவதாகத் தள்ளினார். அகராதியில் முதலில் நிற்கும் பொருள்தான் செல்லும் என்று முப்பது வருடமாக மேடைதோறும் முழங்கியவரும் அவரே. அந்த ஒரு சொல் அவர் பேச்சைக் கேட்டுவிட்டது.

மூன்றாம் மாடி என்றும் பாராமல் அகராதி அலுவலகத்தில் ஒவ்வொரு ஹலோவுக்கும் முழங்கால் அளவு தண்ணீர் ஏறி இறங்கியது. கோப்புகளை மேலடுக்குக்கு மாற்றினார்கள், சொல்லைத் தவிர்க்கச் சுற்றறிக்கை விட்டார்கள், பொருள்களை இடம் மாற்றித் திருத்தத் தாள் எழுதினார்கள். அதைத் தட்டச்சு செய்ய வேண்டியவள் மட்டும் ஒன்பது நாளாக விரல் வலி என்றாள். அவள் கணவன் வேலைக்கென்று கடல் தாண்டிப் போய் ஆறு வருடம். கடைசி இரண்டு வருடமாகப் போனை எடுப்பதில்லை. மணி போய்க்கொண்டே இருக்கும் சத்தம்தான் அவளுக்கு அவன் குரல். ஒரு மதியம் அவளே மெல்ல ‘ஹலோ’ என்றாள்; வந்த படகில் அவனைக் கூட்டிவர முடியுமா என்று கேட்டாள்.

“கூப்பிட்டவங்களத்தான் ஏத்துவேன் தங்கச்சி,” என்றார் படகுக்காரர், மேசைக்காலில் கயிற்றைக் கட்டியபடி. “அங்கேருந்து அவர் ஒரு ஹலோ சொல்லட்டும், கொண்டுவந்து விட்டுடறேன். இல்ல, நீயே ஏறு.”

“நானா போய் நின்னா ‘எதுக்கு வந்தே’ன்னு கேப்பார்ண்ணே. அவரா வரணும்.”

“போன எடுத்தா எல்லாரும் மொதல்ல அதத்தானே சொல்றாங்க.”

“அதான் தினம் அடிக்கறேன்.”

பத்தாம் நாள் பதிப்பாசிரியர் நனைந்த கால்சட்டையோடு வந்து நின்று, தாள் மாலைக்குள் அச்சுக்குப் போகாவிட்டால் தமிழுக்கே ஆபத்து என்றார். அவள் தலையை வாரிக்கொண்டாள். பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துவிட்டு நாற்காலியைத் துடைத்து வைத்தாள். பிறகு எண்ணைச் சுழற்றினாள். படகுக்காரர் அக்கரைப் பக்கமாகப் படகைத் திருப்பித் துடுப்போடு உட்கார்ந்திருந்தார். பதினேழாவது மணியில் அவன் எடுத்தான்.

“ம், சொல்லு,” என்றான்.

திருத்தத் தாள் மூன்று மணிக்கே தயாராகிவிட்டது.