ஒரு கணினி போதும்

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் பதினேழு நாள், மதிய இடைவேளையில் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, ஆசை ஆசையாகச் செய்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. செய்து முடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில். பள்ளிக்கூட அறிவியல் புத்தகங்களை, எழுத்தையும் படத்தையும் சேர்த்துப் பக்கம் கட்டி, அச்சகத்துக்கு அனுப்புவது தொழில். மொத்தம் நான்கு பேர். கண்ணாடித் தடுப்புக்குள் முதலாளி. ஜன்னலோரம் பிழை திருத்துகிற அக்கா. ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தாலும் சோறு இறங்காது என்பதால் அவளுக்குக் கால்புள்ளி அக்கா என்றே பெயர். நடுவில் முதுகோடு முதுகாக இரண்டு மேஜைகள். ஒன்றில் கருப்புக் கணினி. அதில் நான் பக்கம் கட்டுவேன். இன்னொன்றில் வெள்ளைக் கணினி. அதில் என் கணவர் படம் வரைவார். இதயம், நுரையீரல், பூவின் குறுக்குவெட்டு, மின்சுற்று எல்லாம் அவர் கை. பதினோரு வருடம் அப்படித்தான் ஓடியது.

கருப்பும் வெள்ளையும் வேறு வேறு கம்பெனிகள் செய்தவை. இரண்டும் ஜென்மப் பகையாளிகள். ஒன்றின் இயங்குதளத்துக்காக எழுதிய மென்பொருள் மற்றதில் ஓடாது. அதனால் அவர் வரைந்த படம் பென்டிரைவில் ஏறி, மேஜையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வரும். வருகிற வழியில் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். அங்கே இதயத்தைத் தொட்டுக்கொண்டிருந்த அம்புக்குறி இங்கே ஈரலைக் காட்டும். நான் கத்துவேன். "இங்க சரியாத்தான் இருக்கு" என்பார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல். ஒருமுறை நாங்கள் நான்கு பேருமே கவனிக்காமல், சிறுநீரகத்துக்கு 'இரைப்பை' என்று பெயர் போட்டு அச்சாகிவிட்டது. 'உங்கள் வீட்டில் சாப்பாடு எங்கே போகிறது?' என்று கேட்டு ஒரு வாத்தியார் கடிதம் எழுதினார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு இரண்டு நாள் மானம் போன மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில் இணையத்தில் ஒரு பேச்சு அடிபட்டது. பகையாளிகள் இரண்டு பேரும் இனி ஒரே வகைச் சிப்பைத்தான் கணினிக்கு உள்ளே வைக்கப்போகிறார்கள், அதனால் ஒருவர் மென்பொருளை மற்றவர் கணினியில் ஓட்டிவிடலாம் என்று. முடியும், முடியாது, முடிந்தாலும் விடமாட்டார்கள் என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். எல்லாம் ஊகம். நான் ஒன்று விடாமல் படித்தேன். டிபன் பாக்ஸைத் திறந்தால் வாயிலும் அதுதான் வரும்.

"மூணு வழி இருக்குக்கா" என்றேன் ஒருநாள் கால்புள்ளி அக்காவிடம். "மொதல் வழி, ஒண்ணைத் தூங்க வச்சிட்டு இன்னொண்ணை எழுப்பறது. ரெண்டும் ஒரே வீட்ல இருக்கும், ஆனா முகம் பாத்துக்காது. ரெண்டாவது, கணினிக்குள்ள இன்னொரு கணினி இருக்கற மாதிரி நடிக்க வைக்கறது. அது நகர்றதுக்குள்ள நமக்கு வயசாயிடும். மூணாவதுதான் அழகு. நடுவுல மொழிபெயர்ப்பாளர் மாதிரி ஒரு சின்ன மென்பொருளை உட்கார வச்சிட்டா போதும், அந்த மென்பொருளுக்குத் தான் வேற வீட்ல இருக்கறதே தெரியாது."

"புகுந்த வீடுன்னே தெரியாம குடும்பம் நடத்தற மாதிரியா?" என்றாள் அக்கா. "அப்படி ஒரு வீட்டை நான் இதுவரைக்கும் பாத்ததில்லையே."

"எலியையும் பூனையையும் ஒரே தட்டுல சாப்பிட வைக்கப்போறாளாம்" என்றார் என் கணவர். "இணையத்துல எவனோ வேலையத்தவன் எழுதறான். அதை இவ உக்காந்து படிக்கறா."

கண்ணாடித் தடுப்பின் கதவு எப்போதும் போலத் திறந்திருந்தது. முதலாளி உள்ளேயிருந்து கேட்டார். "நிஜமா நடக்குமாம்மா?"

"நடக்கும் சார்" என்றேன். வாய் சும்மா இருந்ததா?

மறுநாளே ஆரம்பித்தேன். நடுவில் அந்த மொழிபெயர்ப்பாளரை வைத்து, என் கணவருடைய படம் வரையும் மென்பொருளை என் கருப்புக் கணினியில் ஏற்றிப் பார்த்தேன். முதல் வாரம் திறந்த உடனே மூடிக்கொண்டது. இரண்டாவது வாரம் திறந்தது, ஆனால் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நின்றது. எழுத்துருக்களை ஒவ்வொன்றாக மாற்றி, எங்கெங்கோ இருக்கிற யார் யாரிடமோ கேட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்ப் பார்த்தேன். பதினேழாம் நாள் இதயம் முழுசாக வந்தது. அம்புக்குறி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது. அவர் மென்பொருளில் ஒரு எழுத்தை மாற்றினால், அருகிலேயே திறந்திருந்த என் பக்கத்திலும் அது மாறியது. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் கட்டிப் பிடித்திருப்பேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? நானே முதலாளி முன்னால் செய்து காட்டினால் என் கணவருக்கு மதிப்பு இருக்காதே என்று ஒரு யோசனை வந்தது. படக்காரர் அவர், அவர் மென்பொருளை அவருக்கு முன்னால் நான் ஓட்டிக் காட்டுவதா? அதனால் அவரையே உட்கார வைப்பது என்று முடிவு செய்தேன். "பக்கம் கட்டறதெல்லாம் எனக்கு வராது" என்று முதலில் முறுக்கிக்கொண்டார். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லித்தருவது போல மூன்று நாள் சொல்லிக்கொடுத்தேன். எந்தப் பொத்தானுக்கு எது என்று ஒரு அட்டையில் எழுதி, மேஜை விளிம்பில் ஒட்டினேன்.

அவர் செய்து காட்டினார். நன்றாகவே செய்தார். முதலாளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தார். "பிரமாதம். ரெண்டு மேஜை வேலை ஒரு மேஜையில முடியுது" என்றார். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ரொம்ப நாளா யோசிச்சிட்டிருந்தது சார்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பெருமையாகவும் இருந்தது. கால்புள்ளி அக்கா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், சுற்றி வளைக்கவில்லை.

"இனிமே ஒரு கணினி போதும். ஒரு கணினிக்கு ஒரு ஆள் போதும். உங்கள்ல யாரு இருக்கறதுன்னு நான் சொல்றது நல்லா இருக்காது. ஒரே குடும்பம்தானே, வீட்ல பேசி முடிவு பண்ணி திங்கட்கிழமை சொல்லுங்க."

படியிறங்கினோம். ஆனாலும் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. இரண்டு மென்பொருளும் தெரிந்தவள் நான். நடுவில் அந்த மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்தவளும் நான். அது மக்கர் செய்தால் சரிசெய்ய என்னை விட்டால் ஆள் கிடையாது. இவருக்குத் தெரிந்ததெல்லாம் படமும், அட்டையில் இருக்கிற பொத்தான்களும். அதற்காக அவரை வீட்டுக்கு அனுப்பவும் எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை காலை காபியை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "காலையில நான் போறேன், மத்தியானத்துல நீங்க போங்க. பாதிப் பாதியா பாத்துக்கலாம். முதலாளி ஒத்துப்பார்."

"பாக்கலாம்" என்றார்.

பிறகு சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான்கு மாதமாக ஒழுகுகிற குழாய். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேட்டேன். "அதான் பாக்கலாம்னு சொன்னேன்ல" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது முகம் தெளிவாக இருந்தது. அவரும் யோசித்திருக்கிறார், பாதிப் பாதிக்குச் சம்மதம்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அன்று அவருக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும்.

திங்கட்கிழமை அவர் முன்னாலேயே கிளம்பிவிட்டார். நான் அரை மணி நேரம் கழித்துப் போனேன். என் கருப்புக் கணினி முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். முதலாளி கண்ணாடித் தடுப்பை விட்டு வெளியே வந்து என்னைக் கும்பிட்டார்.

"பெரிய மனசும்மா உங்களுக்கு. நீங்களே விலகிக்கறேன்னு சொன்னீங்களாமே. நேத்தே உங்க வீட்டுக்காரர் போன்ல சொல்லிட்டார். இந்தக் காலத்துல யாரு இப்படி விட்டுக்கொடுக்கறாங்க?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் திரையைப் பார்த்தார். ஒரு அம்புக்குறியை இழுத்து, வைத்து, மறுபடி இழுத்துக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாலு பேர் வேலை செய்கிற இடத்தில், கட்டிய கணவனைப் பொய்யன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. என் நாக்கு எதற்குத்தான் சரியான நேரத்தில் எழுந்திருக்கிறது? நாற்காலியில் இருந்த என் தலையணையைக் கேட்டேன். அவர் லேசாக எழுந்து உருவிக் கொடுத்தார்.

கால்புள்ளி அக்கா டயர் கடை வரை கூட வந்தாள்.

"நீயா சொன்ன?"

"இல்லக்கா."

"தெரியும்" என்றாள். திரும்பி மாடிப்படி ஏறினாள். அவள் மேஜையும் அங்கேதானே இருக்கிறது.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன். "நான் எப்போ போறேன்னு சொன்னேன்?"

"யாராவது ஒருத்தர் போய்த்தானே ஆகணும்" என்றார். கோபமே இல்லை குரலில். "நான் வீட்ல உக்காந்தா நாலு பேர் நாலு விதமா கேப்பாங்க. நீ உக்காந்தா யார் என்ன கேக்கப்போறாங்க?"

உண்மைதான். இன்று வரை யாரும் கேட்கவில்லை. மாமியார்கூட, "நல்லதாப் போச்சு, உனக்கும் ஓய்வு" என்றார். எனக்கு ஓய்வு வேண்டும் என்று அந்த வீட்டில் அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

மூன்றாம் நாளே அலுவலகத்திலிருந்து அவர் போன் வந்தது. கட்டிய பக்கத்தில் படம் நகர மாட்டேன் என்கிறது, என்ன செய்வது என்று. சொன்னேன். பிறகு தினமும் வந்தது. குக்கரை அணைத்துவிட்டு, துணி பிழிந்த கையைப் புடவையில் துடைத்துவிட்டு, எந்தப் பட்டியலைத் திறக்க வேண்டும், எந்த வரியைச் சொடுக்க வேண்டும் என்று சொல்வேன். திரை என் கண் முன்னால் இல்லை; மனதிலேயே திறந்து மனதிலேயே மூடுவேன். "இரு, இரு, மெதுவா சொல்லு" என்பார். சரியானதும் சட்டென்று போனை வைத்துவிடுவார். சாயங்காலம் வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

போன வாரம் வந்த போன் வேறு மாதிரி. அவர் குரலே உடைந்திருந்தது. ராத்திரி இயங்குதளம் தானாகப் புதுப்பித்துக்கொண்டதாம். படம் வரையும் மென்பொருள் அடியோடு திறக்கவில்லை. பத்தாம் வகுப்புப் புத்தகம் நாலு மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும். முதலாளி பின்னாலேயே நிற்கிறார். நான் அடுப்பை அணைத்தேன்.

"முதலாளிகிட்ட குடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"குடுங்க. குடுத்தாத்தான் சொல்லுவேன்."

போன் கை மாறியது. "சொல்லுங்கம்மா" என்றார் முதலாளி.

"சார், வேலையை விட்டுடறேன்னு நான் சொல்லவே இல்ல. என்னைக் கேக்காம அவரே சொல்லிட்டார். அந்த ரெண்டையும் ஒண்ணா ஓட வச்சது நான். அவருக்கு அது தெரியாது. இப்பவும் தெரியல, பாருங்க."

மாதக்கணக்கில் தொண்டையில் நின்றது, ஒரே மூச்சில் வந்துவிட்டது.  அடுத்து முதலாளி கேட்கப்போகும் கேள்விக்கு என்னிடம் எல்லாப் பதிலும் தயாராக இருந்தது. நாளைக்கே வருகிறேன் என்பதுவரை.



"அப்படியாம்மா" என்றார் முதலாளி. "சரி, அது உங்க வீட்டு விஷயம். நீங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்க. இப்ப இது எப்படித் திறக்கறதுன்னு மட்டும் சொல்லிடுங்க, நேரமாகுது."

சொன்னேன். புதுப்பித்ததை எப்படி நீக்குவது, பழைய மொழிபெயர்ப்பாளரை எங்கே தேடி எடுப்பது, எதற்குப் பிறகு எதை அழுத்துவது என்று ஒன்று விடாமல் சொன்னேன். முதலாளி வாங்கி வாங்கி இவரிடம் சொன்னார். இவர் செய்தார். "வந்துடுச்சு சார்" என்று இவர் சொல்வது தூரத்தில் கேட்டது. அதன் பிறகு இரண்டு பேரில் யார் போனை வைத்தார்கள் என்று தெரியவில்லை.