மங்கலான கோடு

வடிவியல் நோட்டைத் திருத்த உட்கார்ந்தால் கணக்கு டீச்சருக்கு இரக்கம் என்பதே கிடையாது. "அது தப்பான கோடு டீச்சர், அழிச்சுட்டேன், லேசாத்தான் தெரியுது" என்று எந்தப் பிள்ளை கெஞ்சினாலும் பலிக்காது. "மங்கலா இருந்தாலும் கோடு கோடுதான்" என்று இரண்டு மதிப்பெண்ணை வெட்டிவிட்டுத்தான் அடுத்த நோட்டை எடுப்பார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சமையலறை மேடைமேல் கிடந்த கொரோனா பரிசோதனைப் பட்டையைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். முதல் நாள் ராத்திரியிலிருந்து தொண்டை கரகரப்பு, உடம்பு வலி.

"ரெண்டாவது கோடு தெரியுதே" என்றார் கணவர்.

"எங்க தெரியுது? அது ஈரம்."

"ஈரம் நேர்கோடாவா நிக்கும்?"

"நீங்க கண்ணாடியை மாத்துங்க முதல்ல."

கணவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். பதினெட்டு வருடக் குடித்தனம், எந்த வழக்கில் தீர்ப்பு எப்படி வரும் என்று அவருக்குத் தெரியாதா? டீச்சர் பட்டையைக் குப்பைக்கூடையில் போட்டு, அதன்மேல் வெங்காயத்தோலையும் தள்ளினார். ஈரம்தான் என்றால் எதற்காக மறைக்க வேண்டும்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்தது. ஆனால் பதினோரு வருடமாக அவர் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. அடுத்த மாதம் ஆண்டுவிழா மேடையில் அதற்காகவே அவரைப் பாராட்டப்போகிறார்கள். வகுப்புச் சுவரில் லீவு போடாத பிள்ளைகளுக்கு நட்சத்திரம் ஒட்டும் அட்டையும் அவர் மாட்டியதுதான்.

திங்கட்கிழமை ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுக் கிளம்பினார். முகக்கவசம் கட்டாயமில்லை என்று அறிவித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தள்ளி நிற்பதற்காகத் தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் வட்டங்களைப் பிள்ளைகள் பாதிக்குமேல் சுரண்டி எடுத்துவிட்டார்கள். இந்த நேரத்தில் தான் மட்டும் மூக்கை மூடிக்கொண்டு போனால் ஆளாளுக்குத் துருவிக் கேட்பார்களே! முகக்கவசம் கைப்பையிலேயே இருந்துவிட்டது.

இரண்டாவது பாடவேளையில் மணியண்ணன் சுற்றறிக்கை நோட்டோடு வந்தார். பள்ளியில் மணி அடிப்பவர், அலமாரி துடைப்பவர், நோட்டு சுமப்பவர் எல்லாம் அவர் ஒருவரே. இளைப்பு உள்ள மனிதர். மாடிப்படி ஏறினால் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுதான் பேசுவார்.

"என்ன டீச்சர் போட்டிருக்கு? லீவு விட்டுட்டாங்களா?" என்று வழக்கம்போல் குனிந்து நோட்டை எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்து அவ்வளவாகப் பழக்கமில்லை. டீச்சர்தான் எப்போதும் படித்துச் சொல்வார்.

அன்றும் படித்தார். 'கட்டுப்பாடுகள் தளர்ந்தாலும், காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் வீட்டிலேயே இருக்கவும்.' நடுவில் இரண்டு முறை இருமல் வந்தது. ஒரு சாண் தூரத்தில் மணியண்ணனின் முகம் இருந்தது. டீச்சர் இருமி முடித்து, நூல் கட்டிய பேனாவால் 'படித்தேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

புதன்கிழமை டீச்சரால் எழுந்திருக்கவே முடியவில்லை. இந்த முறை கோடு பளிச்சென்று விழுந்தது. பதினோரு வருடப் பெருமை படுக்கையில் படுத்தது. ஐந்தாவது நாள் காய்ச்சல் விட்டு, வாய்க்கு ருசி திரும்பிய நேரத்தில் போன் வந்தது. மணியண்ணனின் மனைவி.

"டீச்சரம்மா, அவரு ஆஸ்பத்திரியில இருக்காரு. ஆக்ஸிஜன் வெச்சிருக்காங்க. பேசக்கூட முடியல, ஆனா உங்ககிட்ட மன்னிப்பு கேக்கச் சொல்லி ஒரே நச்சரிப்பு."

"என்கிட்டயா? எதுக்கு?"

"திங்கக்கிழமை அலமாரி துடைச்சப்ப அவருக்கு இருமல் வந்துச்சாம். தூசின்னு நெனச்சிட்டேன், அதோடவே டீச்சர்கிட்ட போய் நின்னு அவங்களையும் படுக்க வெச்சுட்டேன்னு அழுவுறாரு."

உண்மை நாக்கின் நுனிவரை வந்தது. "உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு டீச்சர் போனை வைத்தார்.

பள்ளிக்குத் திரும்பினால் ஆசிரியர் அறையில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. "இருமல வெச்சுக்கிட்டு ஒவ்வொரு கிளாஸா சுத்தியிருக்காரு பாருங்க. பொறுப்பு வேணாமா மனுஷனுக்கு? பாவம், நீங்க மாட்டிக்கிட்டீங்க" என்றார் அறிவியல் சார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு நோட்டுத் திருத்தினார். மங்கலான கோடு ஒன்று வந்தது. வெட்டக் கை வரவில்லை.

மூன்று வாரம் கழித்து மணியண்ணன் உயிரோடு வந்து சேர்ந்தார். ஆளே பாதியாகியிருந்தார். சுற்றறிக்கை நோட்டை எடுத்துக்கொண்டு படியில் இரண்டு முறை உட்கார்ந்து மாடியேறியவர், வகுப்பு வாசலோடு நின்றுவிட்டார்.

"உள்ள வாங்கண்ணே."

"வேணாம் டீச்சர். ஒரு தடவை குடுத்தது போதும். நோட்ட இங்கயே வெக்கிறேன்."

அதற்குமேல் டீச்சரால் தாங்க முடியவில்லை. நாற்பது பிள்ளைகள் பார்க்க எழுந்து வாசலுக்குப் போனார்.

"நீங்க எனக்குக் குடுக்கலண்ணே. நான்தான் உங்களுக்குக் குடுத்தேன். ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும். கோடு விழுந்துச்சு. பாத்துட்டு, இல்லன்னு சொல்லிட்டு வந்தேன். என் லீவுக் கணக்கு கெட்டுடக் கூடாதுன்னு வந்தேன்."

மணியண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார். கோபப்படுவார் என்று டீச்சர் காத்திருந்தார்.

"நான் தினக்கூலி ஆளு டீச்சர். வரலைன்னா அன்னிக்கு அடுப்பு எரியாது, அதனால எந்த நோவோடயும் வந்துதான் ஆகணும். உங்களுக்குக் குடுத்த லீவு அத்தனையும் சும்மாதானே கெடந்துச்சு? அதுல ஒரு நாலு நாள எடுத்திருக்கக் கூடாதா?"

அவ்வளவுதான் சொன்னார். மெல்லப் படியிறங்கிப் போனார்.

டீச்சர் திரும்பி வந்து நட்சத்திர அட்டையைச் சுவரிலிருந்து கழற்றினார். முதல் வரிசையில் இரண்டு நாளாக மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த பெண் பயந்துபோய், "டீச்சர், நான் லீவே போடலையே, என் ஸ்டார் போயிடுமா?" என்று கேட்டாள்.

"போகட்டும்டா கண்ணு. நீ வீட்டுக்குப் போய்ப் படு" என்றார் டீச்சர். பிறகு வகுப்பைப் பார்த்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. கட்டுப்பாட எடுத்துட்டாங்கன்னா நோயும் போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. நோய வெச்சுக்கிட்டு வேலைக்கு வர்றதுக்குப் பேரு கடமை இல்ல, அடுத்தவங்க மூச்சோட விளையாடுறது. மங்கலா இருந்தாலும் கோடு கோடுதான். உங்களுக்கெல்லாம் மார்க்க வெட்டினேனே, எனக்குத்தான் அது புரியல."