கலப்பு நாற்று

பாலசுப்பிரமணியம் கோயம்புத்தூரில் தாவரவியல் படித்தவர். அதை அவர் வாய் சொல்லாவிட்டாலும் நடை சொல்லிவிடும். கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஃபீல்டு ஆபீசராகச் சேர்ந்த மூன்றாம் வருடம், தொண்ணூற்று நான்கில், நர்சரியில் அந்தக் காரியத்தைச் செய்தார்.

விதையில் முளைத்த தேயிலை ஒன்றைப் போல ஒன்று இருக்காது. அதனால் நல்ல தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் துண்டுத் தண்டுமாக வெட்டி, மண் நிரப்பிய பையில் நட்டு வேர்விட வைப்பார்கள். வளர்ந்தால் அச்சு அசலாகத் தாயேதான். இந்த வேலையில் மருதாம்பாளை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. பதினெட்டு வருடமாக அதுதான் அவள் வேலை. ரகத்துக்கு ஒரு வாளி வைத்துக்கொள்வாள். ஒன்றை முழுக்க நட்டு முடித்துக் கை கழுவாமல் அடுத்ததைத் தொடமாட்டாள்.

அந்த வருடம் ஒரு பாத்தியில் இருபத்து மூன்று பைகளில் மட்டும் கொழுந்து சிவப்பாக வந்தது. மற்றதெல்லாம் பச்சை.

"ரகத்தைக் கலந்துட்டே, மருதாம்பா" என்றார் பாலசுப்பிரமணியம்.

"இல்லீங்க சார். எல்லாம் ஒரே தாய்ச்செடில வெட்டுனதுங்க. அந்த வாளில வேற எதையும் போடலீங்க."

"ஒரே செடின்னா ரெண்டு நிறம் எப்படி வரும்? செடி பொய் சொல்லுதா, நீ சொல்றியா?"

சுற்றி நின்ற பெண்கள் குனிந்து தங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டார்கள். இருபத்து மூன்றையும் பிடுங்கி எறிய வைத்தார். மறுநாளிலிருந்து மருதாம்பாள் சரிவில் கொழுந்து பறிக்கப் போனாள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் அவளுக்குக் 'கலப்புக்காரி' என்று பட்டப்பெயர் விழுந்தது. இவருக்கோ, கண்டிப்பான ஆபீசர் என்ற பெயர். அதில் கொஞ்சம் பெருமை வேறு.

மூன்று வருடம் கழித்து, புதிய தண்டுகளுக்காகத் தாய்ச்செடிகளைப் பார்வையிடப் போனார். நான்காம் வரிசையில் பச்சைப் புதர் ஒன்று. அதில் ஒரே ஒரு கிளையில் மட்டும் துளிர் சிவப்பு. தண்டு முற்றினால் அந்தச் சிவப்பு மறைந்துவிடும்; வெட்டும்போது தெரியாது. கிளையைக் கையால் தடவிக்கொண்டே அடிவரைக்கும் போனார். வேறு செடி இல்லை, ஒட்டும் இல்லை. அதே புதர், அதே வேர். அந்த இருபத்து மூன்று தண்டும் இந்தக் கிளையில் வெட்டியவைதான்.

கல்லூரியில் பத்து மார்க் கேள்வி அது. அவருக்கு ஒன்பதரை போட்டிருந்தார்கள். செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் அதற்குள் இருக்கும் டி.என்.ஏ. தன்னை நகலெடுக்கிறது. முறுக்கிய இரண்டு இழைகள் ஸ்வெட்டர் ஜிப் மாதிரிப் பிரிகின்றன. ஒவ்வொரு பழைய இழையும் தனக்கு எதிரே ஒரு புதிய இழையைக் கட்டிக்கொள்கிறது. எழுத்துகள் ஜோடி சேரும்: 'ஏ'வுக்கு எதிரே 'டி', 'ஜி'க்கு எதிரே 'சி'. மாறி விழுந்தால் கூடவே வரும் நொதி திருத்திவிடும். கோடிக்கணக்கான எழுத்துகளில் எப்போதாவது ஒன்று அதற்கும் தப்பிவிடும். தப்பியது வளரும் மொட்டில் என்றால், அங்கிருந்து கிளம்பும் கிளை முழுக்க அந்தப் பிழையையே நகலெடுத்துக்கொண்டு போகும். இத்தனையும் படம் போட்டு, பாகம் குறித்து எழுதிய மனிதர்! பரீட்சைத் தாளுக்கு வெளியேயும் அது நடக்கும் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை. நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை லைனுக்குப் போனார். மருதாம்பாள் பதறி எழுந்து நாற்காலி போட்டாள்.

"நீங்க கலக்கலை" என்றார். 'நீ' என்று சொல்ல வாய் வரவில்லை. "செடிக்குள்ளேயே நகலெடுக்கறப்ப ஒரு எழுத்து தப்பியிருக்கு. தப்பு பண்ணினது நான்தான். நாளைக்கே நர்சரிக்கு வந்துடுங்க."

அவள் சிரித்தாள். "பெரிய மனசு பண்ணிச் சொல்றீங்க சார். நாந்தானுங்க கலந்திருக்கேன். மொதல்ல இல்லவே இல்லைன்னு அழுதேன். அப்புறம் ரோசன பண்ணிப் பாத்தேன். படிச்சவிங்க சும்மா சொல்வாங்களா? அன்னிக்கு வாளிய மாத்துனது இப்பக் கண்ணு முன்னாடியே நிக்குதுங்க."

"அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைம்மா!"

"இந்தக் கைய நம்பி இனிமே ஒரு செடி வெக்க மாட்டேனுங்க."

அவர் விடவில்லை. ஜிப்பிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினார். அவள் கைகட்டி நின்று கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"சரிங்க சார்" என்றாள். "நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்."