பால்கனியின் மேல்கம்பி

தளம் போடுகிற நாளில் நான் போய்ச் சேர்வதற்குள் பாதர் வந்து மந்திரித்துவிட்டுப் போயிருந்தார். தீர்த்தம் தெளித்த ஈரம் கம்பிகளில் இன்னும் காயவில்லை. கலவை மெஷின் தயாராக நின்றது. ஆட்களுக்கான பிரியாணி பக்கத்து வீட்டு வாசலில் வெந்துகொண்டிருந்தது. எல்லாம் சரியாக இருந்தது, பால்கனியைத் தவிர.

நெல்லித்தோப்பில் ஸ்டெல்லாமேரி ஆண்ட்டி தன் பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டும் மாடி வீடு அது. கம்பிக் கணக்கு போட்டு வரைபடம் கொடுத்தது நான். வேறு எதில் வேண்டுமானாலும் விட்டுக்கொடுத்தவர், பால்கனி விஷயத்தில் மட்டும் அசையவில்லை. ஆகஸ்டில் மாதா தேர் அந்தத் தெரு வழியாக வரும். வாசலுக்கு வரும்போது வீட்டார் மாடியில் நின்று பூ கொட்டுவார்கள். பழைய மரப் பால்கனியில் ஆறேழு பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் ஜன்னல் வழியே கையை நீட்டுவார்கள். இனிமேல் குடும்பம் மொத்தமும் ஒன்றாக நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. பிரான்ஸிலிருக்கும் அண்ணனும் பிரெஞ்சில் ‘பல்கோன்’ என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தாராம். ஐந்தடிக்கு வெளியே நீட்டி, கூட்டம் நிற்கும் பாரத்துக்கு நான் கணக்கு போட்டிருந்தேன்.

அடியில் தூண் இல்லாமல் நீண்டு நிற்கும் பால்கனிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அறையின் தளம் இரண்டு பக்கமும் சுவரில் உட்கார்ந்திருப்பதால் நடுவில் தொய்யப் பார்க்கும். அப்போது இழுபடுவது அதன் அடிப்பக்கம். பால்கனியோ நுனியில் தாழப் பார்க்கும், இழுபடுவது மேல்பக்கம். கான்கிரீட் எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், இழுத்தால் விரிந்துவிடும். இழுப்பைத் தாங்கத்தான் கம்பி. ஆகவே பால்கனியின் முக்கியக் கம்பி மேலே இருந்தாக வேண்டும். அதைத் தூக்கிப் பிடிக்க, சின்ன முக்காலி போல வளைத்த கம்பிகளை அடியில் வைப்போம். அதற்கு வேலைக்காரர்கள் வைத்த பெயர் சேர்.

அந்தச் சேர்கள் நசுங்கிக் கிடந்தன. ஆறு அங்குலத் தளத்தில், மேல்கம்பி அடியில் அடித்த பலகையிலிருந்து ஐந்து அங்குல உயரத்தில் நிற்க வேண்டும். என் டேப் இரண்டே கால் காட்டியது.

என்ன நடந்தது என்று கான்ட்ராக்டர் தேவதாஸிடம் கேட்டேன். பாதர் போனதும், பிரான்ஸிலிருந்து வந்திருக்கும் ஆண்ட்டியின் அண்ணன் அலெக்சாண்டர், சொந்தக்காரர்கள் எல்லோரையும் கம்பி மேலேயே நடத்திக் கூட்டிப்போய் பால்கனி நுனியில் நிறுத்திப் போட்டோ எடுத்திருக்கிறார். சேர்களும் மெல்லிய கம்பியில் எட்ட எட்ட வைக்கப்பட்டவை. ஓர் ஆள் நடந்தால் பொறுத்திருக்கும். ஒரு குடும்பத்தைப் பொறுக்கவில்லை.

"கொட்டும்போதே கொக்கி போட்டுத் தூக்கி வுட்டுடறேன் மேடம். நாங்க பாக்காத பால்கனியா?" என்றார் தேவதாஸ்.

கொக்கி இழுக்கிற இடத்தில் கம்பி எழும். அடுத்த ஆள் கால் வைக்கும் இடத்தில் மறுபடி அமுங்கும். அதற்குள் கான்கிரீட் மூடிவிடும். பிறகு யாராலும் பார்க்க முடியாது. அதைச் சொன்னதும், வீட்டுத் தளத்தை இன்று போட்டுவிட்டு பால்கனியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். அது இன்னும் மோசம். இன்றைய கான்கிரீட்டும் நாளையதும் சேரும் இணைப்பு சரியாகச் சுவரோரம் விழும். இழுப்பு அதிகமாக இருப்பதே அங்கேதான். மழைத் தண்ணீர் அந்த இணைப்பில் இறங்கி, எந்தக் கம்பியை நம்பியிருக்கிறோமோ அதையே துருவாக்கும்.

ஆண்ட்டியின் முகம் வாடிவிட்டது. "பாதர் மந்திரிச்சிட்டுப் போயிட்டாரு. இனிமே பிரிச்சா மனசுக்கு நல்லால்லம்மா. மேகம் வேற கட்டுது."

ஆட்களுக்கு டீயோடு கொடுக்க அவர் நீள ரொட்டிகள் வாங்கி வைத்திருந்தார். ஒன்றை எடுத்து, பாதி மேஜை மேலும் பாதி வெளியிலுமாக வைத்து, உள்பாதியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இதான் நம்ம பால்கனி. நுனிய அமுக்குங்க ஆண்ட்டி."

அமுக்கினார். மேஜை விளிம்புக்கு நேர் மேலே ரொட்டியின் தோல் பிளந்தது. அடித்தோல் லேசாகச் சுருங்கியதோடு சரி.

"எங்க விரிஞ்சுது?"

"மேல."

"நம்ம கம்பி இப்போ கீழ கெடக்குது."

அவர் ரொட்டியைப் பார்த்தார், பிறகு மாடியைப் பார்த்தார். தேர் வருகிற இரவு அங்கே நிற்கப்போகிறவர்களை மனதுக்குள் எண்ணியிருக்க வேண்டும். "பிரிங்க தேவதாஸ்," என்றார்.

ஆட்களைச் சும்மா நிறுத்தவும் வேண்டியிருக்கவில்லை. பின்பக்கச் சமையலறையிலிருந்து கான்கிரீட் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். அது முன் அறைக்கு வந்து சேர்வதற்குள் கம்பி கட்டும் அம்மாவாசையும் அவர் கூட்டாளிகளும் மேல்கம்பியைத் தூக்கி முடிக்க வேண்டும். பால்கனிக் கம்பி சுவரைத் தாண்டி அறைக்குள்ளும் நீள்கிறது, அந்தப் பகுதியும் சேர்த்து. தடித்த கம்பியில் சேர் வளைத்தார்கள். முன்னைவிட நெருக்கமாக வைத்துக் கட்டினார்கள். கம்பிகளின் இடைவெளியில் செங்கல் அடுக்கி, அதன் மேல் பலகை போட்டு நடைபாதை செய்தோம். யார் நடந்தாலும் பாரம் செங்கல் வழியாகக் கீழே போகும், கம்பிக்குப் போகாது.

கான்கிரீட் நான் நினைத்ததைவிட வேகமாக வந்தது. முன் அறையின் விளிம்பை எட்டியபோது நுனி வரிசையில் நாலைந்து சேர்கள் பாக்கி.

"இவ்ளோதான மேடம். கொட்டிக்கினே வெச்சிடலாம்," என்றார் தேவதாஸ்.

நான் நடைபாதைப் பலகையின் குறுக்கே நின்றுகொண்டேன். கான்கிரீட் நிறைந்த பாண்டுச் சட்டிகளைத் தூக்கியவர்கள் எனக்கு முன்னால் நின்றார்கள். கான்கிரீட் இறுகத் தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது, அம்மாவாசை முடிச்சுப் போட அவ்வளவு நேரம் ஆகாது என்று சொன்னேன். தேவதாஸ் வானத்தைப் பார்த்தார். நான் டேப்பைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து, என்ன தாமதம் என்று கேட்டபடி அலெக்சாண்டர் படியேறி வந்து கம்பி மேல் காலைத் தூக்கினார்.

"அண்ணா, கம்பியில கால வெக்காத," என்று கீழே படியிலிருந்து ஆண்ட்டியின் குரல் வந்தது. "பலகையில நட. பல்கோன் பல்கோன்னு உசிர வாங்குனியே, அது நிக்க வேணாமா?"

"புது மேஸ்திரி வந்துட்டாங்க," என்றார் தேவதாஸ். தூக்கிய பாண்டோடு ஆட்கள் சிரித்தார்கள். கடைசிச் சேரையும் கட்டி முடித்தார் அம்மாவாசை. வரிசை வரிசையாக டேப் வைத்தேன். ஐந்து, ஐந்து, ஐந்து. வழிவிட்டேன். பால்கனி நிறைந்து மட்டம் தேய்த்த பிறகுதான் தூறல் விழுந்தது. தார்ப்பாய் போட்டு மூடினோம்.

ஒரு மாதத்துக்கு மேல் கழித்து முட்டுக்கொடுத்த கம்பங்களை எடுத்தோம். அதிலும் நுனியிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வரவேண்டும். சுவரோரத்தை முதலில் எடுத்தால், பால்கனி நுனிக் கம்பத்தில் உட்கார்ந்து, வரைபடத்தில் இல்லாத விதமாக வளையும்.

தேரன்று பால்கனியில் இடமே இல்லை. நான் தெருவில் நின்று நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கீழ நின்னு இன்னாத்தப் பாக்குற? மேல வா," என்று கூப்பிட்டார் ஆண்ட்டி.

போனேன். கூட்டத்துக்குள் குனிந்து சுவரோரத் தரையை விரலால் தடவினேன். விரிசல் இல்லை. அதற்குள் தேர் எங்கள் தெருவுக்குள் திரும்பிவிட்டது. ஆண்ட்டி என் கையில் ஒரு பிடி சாமந்தியைத் திணித்து, அண்ணனை நகரச் சொல்லி, முன்வரிசையில் எனக்கு இடம் பிடித்துக்கொடுத்தார்.