மாடி அறைக்குச் சிக்னல்

என் கணவர் குடை வாங்கக் கிளம்பினால் மழைக்காலம் முடிந்த பிறகுதான் குடை வீட்டுக்கு வரும். அதுவரை விசாரித்துக்கொண்டே இருப்பார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது அவர் வேலை. மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்கிற ஆளுக்குத் தலைவலி வந்துவிடும் என்பார். என் தலைவலியைப் பற்றி மட்டும் அவருக்குக் கவலை கிடையாது. அப்படிப்பட்ட மனிதரிடம்தான் வீட்டுக்கு மெஷ் வைஃபை, அதாவது மாடிக்கு மாடி சிக்னலைக் கடத்தும் பெட்டிகள், வாங்க வேண்டும் என்று வாய் விட்டேன்.

எங்கள் வீடு அகலம் குறைந்து உயரம் கூடியது. கீழே கூடமும் சமையலறையும், நடுவில் எங்கள் படுக்கையறை, உச்சியில் ஒரே ஓர் அறை. சுவரெல்லாம் அந்தக் காலத்துக் கனம். கூடத்தில் இருக்கும் ரவுட்டரின் சிக்னல் மாடிப்படித் திருப்பம் வரை வந்து நின்றுவிடும். உச்சி அறையில் பழைய கட்டிலும் ஓடாத மின்விசிறியும் கிடந்தவரை அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இப்போது அங்கே என் அக்கா இருந்தாள்.

அவள் அங்கே இருப்பது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியவே கூடாது. அத்தான், அதாவது அவள் கணவர், அலுவலகங்களுக்குக் கேமராவும் நெட்வொர்க்கும் போட்டுத்தருகிற தொழில் செய்பவர். சொந்த வீட்டிலும் அறைக்கு ஒரு கேமரா வைத்திருந்தார். அக்கா ஃபிரிட்ஜைத் திறந்தால் அவரிடமிருந்து போன் வரும், என்ன எடுக்கிறாய் என்று. குரலை உயர்த்தவே மாட்டார். சிரித்த முகம், தேன் ஒழுகும் பேச்சு. அப்படித் தன்மையாகப் பேசிக்கொண்டேதான் ஒருநாள் அக்காவின் இடது கையைக் கதவிடுக்கில் பிடித்து வைத்துக் கதவைச் சாத்தினார். அந்தக் கையில் இரண்டு விரல்கள் இன்னும் முழுசாக மடங்குவதில்லை.

அவள் லேப்டாப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, போனைப் பேருந்து இருக்கையிலேயே விட்டுவிட்டு வந்தாள். முதலில் ஒரு தோழி வீட்டில் இருந்தாள். அந்தச் சமயத்தில் அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, எல்லா அறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். காவல் நிலையத்துக்கும் நாங்கள் போவதற்கு முன்பே போய், மனைவிக்கு மனசு சரியில்லை, எங்கேயோ போய்விட்டாள் என்று கண்ணீர் விட்டிருந்தார். அவர்கள் எங்களைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள். அவர் வந்து தேடிவிட்டுப் போன பிறகுதான் அக்காவை இங்கே கூட்டி வந்தோம்.

"இந்தத் தடவை அவர் கையில கெடச்சா கையோட நிக்காதுடி," என்றாள் அக்கா. அழவில்லை.

அவளுக்கு ஒரு வழி இருந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை. தூரத்து நகரம் ஒன்றில் ஒரு நிறுவனம் அவளுக்கு ஆன்லைனில் தேர்வு வைத்திருந்தது. தேறினால் வேலையும் தங்க இடமும் தருவார்கள். அத்தானுக்கு அந்த ஊர்ப் பெயர்கூடத் தெரியாது. ஆனால் தேர்வு முழுக்க வீடியோ ஓட வேண்டும், நடுவில் அறுந்தால் போச்சு. மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து எழுதலாம் என்றால் அங்கே ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்குத் தெரியும்.

என் கணவர் களத்தில் இறங்கினார். சிக்னலை இழுத்துக் கொடுக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கடன் வாங்கி வந்து சொருகிப் பார்த்தார், வேகம் பாதியாகி அறுந்து அறுந்து போனது. பிறகு மெஷ் பெட்டிகளை ஆராய்ந்தார். "நம்ம லைனே ஆமை வேகம். அதுக்குப் போயி வெலை ஒசந்தத வாங்கறது வீண். சாதாரணமானதே போதும். ஆனா ரெண்டு பெட்டியா, மூணா? அதான் இப்ப கேள்வி," என்றார். இட்லி வேகும் நேரத்தில் முடிகிற விஷயம் அவரிடம் வாரக்கணக்கில் வெந்துகொண்டிருந்தது. தேர்வு நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள். குளத்தின் இந்தக் கோடியில் நின்று கத்தினால் அந்தக் கோடியில் தண்ணீருக்குள் இருப்பவனுக்குக் கேட்க வேண்டும். அதனால் அத்தான் எனக்கு 'மைக் செட்' என்று பட்டம் வைத்திருந்தார். அக்கா வந்ததிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் தொண்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவேன். "மெல்லப் பேசுடி," என்று அக்கா கைகூப்புவாள்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், கூடத்தில் என் கணவர் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார். மறுமுனையில் அந்தத் தேன் குரல்.

"அப்ப கீழயும் நடுவுலயும் நல்லா வருது. எங்க வரலங்கறீங்க சகல?"

"மேல இருக்கற ரூம்லதான்."

வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் கண்ணை மூடித் திறந்து, 'நான் பார்த்துக்கறேன்' என்பதுபோலத் தலையசைத்தார்.

"அது சும்மா கெடந்த ரூம்தான?"

"ஆமா. இப்பக் கொஞ்சம் சுத்தம் பண்ணிருக்கோம்."

"வீடியோ கால் மாதிரி ஏதாவது ஓடணுமா, இல்ல சும்மா மெசேஜ் பாக்கவா? அதுக்குத் தக்கனதான் பெட்டி சொல்லணும்."

"வீடியோ அறுந்து போகாம வரணும் சகல. அதான் முக்கியம்."

"பகல்லயா?"

"பகல்லதான்."

பகலில் நாங்கள் இருவருமே வேலைக்குப் போய்விடுவோம் என்பது அந்த மனிதருக்குத் தெரியும்.

"பின்பக்கம் சந்துல தொறக்கற இரும்புக் கதவு அப்படியே இருக்கா? இரும்பு சிக்னலைத் தடுக்கும், அதான் கேக்கறேன்."

"அதே கதவுதான். அது பாட்டுக்கு இருக்கு."

"ரெண்டு பெட்டி போதும். புதுசா வாங்கிக் காச வீணாக்காதீங்க. என்கிட்ட ஒரு செட்டு சும்மா கெடக்கு, எல்லாம் போட்டு ரெடி பண்ணி அனுப்பறேன். சொருகினா முடிஞ்சது." பிறகு சிரித்தார். "மைக் செட் இருக்கற வீட்டுக்கு மெஷ் எதுக்கு சகல? அவ கீழருந்து கத்தினா மாடிக்கென்ன, தெருவுக்கே கேக்குமே!"

என் கணவரும் சிரித்துக்கொண்டே போனை வைத்தார். நான் அவர் சட்டையைப் பிடிக்காத குறைதான்.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"நான் அக்கா பேரையே எடுக்கலியே! எப்பவும் போல அவர்கிட்டப் பேசுங்க, நிறுத்தினா சந்தேகப்படுவாருன்னு அக்காதான சொன்னாங்க? எந்த மிஷின் வாங்கினாலும் நான் அவரத்தான கேப்பேன்? கேக்காம விட்டாத்தான சந்தேகம் வரும்?"

அதில் ஒரு பொய்யும் இல்லை. அவர் அக்கா பேரை எடுக்கவில்லை. எந்த அறை, எந்த நேரம், எந்த வாசல் என்பதை மட்டும் வரிசையாகச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு கேள்வியாக எடுத்து நான் விளக்க விளக்க அவர் முகம் வெளுத்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் முடிவு செய்தேன். தேர்வு முடியட்டும், அன்றைக்கே அவளை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அத்தானின் ஆள் ஒருவன் வந்து பெட்டியைக் கொடுத்தான். மோவாயில் தழும்பு உள்ளவன். கொடுத்துவிட்டு உடனே போகவில்லை, செருப்பைச் சரிசெய்வதுபோல வாசலில் குனிந்து, அங்கே கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டியைத் திறக்கவே கூடாது என்று என் கணவரிடம் சொல்லி அலமாரிக்குள் வைத்தேன். தேர்வு அன்று மதியம், அதற்காக இருவரும் விடுப்பு எடுத்திருந்தோம். நானே கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "வீட்ல எத்தனை பேர் மேடம்? எத்தனை மாடி? எந்த ரூமுக்கு வரல?" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"எதுக்குக் கேக்கறீங்க? உங்களுக்கு என்ன அக்கறை?"

"அது... பெட்டி எத்தனைன்னு..."

"ரெண்டு. இருக்கறதுலயே வெலை கம்மி. பில் போடுங்க."

பாவம், அவர் பில் போட்டார். வரும் வழியில் ஒரு சாலையை அடைத்திருந்தார்கள், சுற்றிக்கொண்டு வந்ததில் நேரமாகிவிட்டது.

கூடத்தில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ரவுட்டர் பக்கத்தில் பச்சை விளக்கோடு ஒரு வெள்ளைப் பெட்டி. என் கணவர் பெட்டியோடு வந்த தாளைப் பார்த்துப் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"திட்டாத. நேரம் ஆயிட்டே இருந்துச்சு, நீ வரல. அக்கா கையப் பெசஞ்சுட்டு நின்னாங்க. பெட்டி என்ன கடிக்கவா போகுது? ஒரு மணி நேரத்துக்குத்தான? இன்னொண்ண மாடிப்படில சொருகிட்டேன். இப்பத்தான் என் போன்லயே பாஸ்வேர்டு போடறேன். அடுத்து அக்காவுக்குப் போய்ப் போடணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். லேப்டாப்பைத் திறந்தபடியே குழந்தையைத் தூக்கி வருவதுபோல ஏந்தி வந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"மாப்பிள்ளை, சும்மா பிச்சுக்கிட்டு வருது! அவங்க சைட்ல டெஸ்ட் வீடியோ போட்டுப் பாத்தேன், ஒரு எடத்துலகூட நிக்கல. பாஸ்வேர்டு எப்ப வந்து போட்டீங்க? நான் குளிக்கப் போனப்பவா?"

என் கணவர் தாளைக் கையில் பிடித்தபடியே நின்றார். "நான் இன்னும் மேலயே வரலியே அக்கா."

"அப்ப எப்படி கனெக்ட் ஆச்சு?"

"என்ன பேரு காட்டுதுன்னு பாருக்கா," என்றேன் நான்.

அவள் பார்த்தாள். "நம்ம வீடு," என்று படித்தாள். படித்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

அத்தான் தன் வீட்டு வைஃபைக்கு வைத்திருந்த பெயர் அது. அதன் பாஸ்வேர்டை அவர் அதுவரை யாருக்கும் தந்ததில்லை. நாங்கள் விருந்துக்குப் போனால்கூட, உங்க நெட்டையே போட்டுக்கோங்க என்று சிரிப்பார். அந்தப் பெயரும் பாஸ்வேர்டும் தெரிந்த பொருள் என்றால் அது அவர் வீட்டிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்குள் அந்தப் பெயரில் ஒரு பெட்டியை வைத்துவிட்டு, எது தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது என்று அவர் தன் போனில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த லேப்டாப் பழைய வீட்டை ஞாபகம் வைத்திருந்தது.

நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். பச்சை விளக்கு அணைந்ததுமே என் கணவரின் போன் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன சகல, இப்பத்தான் மாடில வந்துச்சு, அதுக்குள்ள போயிடுச்சே? பிளக் லூசா?"

வாழ்க்கையில் முதல்முறையாக என் கணவரிடம் கேட்க ஒரு கேள்வியும் இல்லை.

"பரவால்ல, நான் பக்கத்துல ஒரு வேலையாத்தான் வந்தேன். எட்டிப் பாத்துடறேன்."

வாசல் மணி அடித்தது. அக்கா எழுந்தாள். லேப்டாப்பைப் படியிலேயே வைத்துவிட்டு, "பின்கதவுச் சாவி எங்கடி?" என்று மட்டும் கேட்டாள்.

என் கணவர் எங்களைப் பார்த்துப் போங்கள் என்று கை காட்டிவிட்டு வாசலுக்கு நடந்தார். கதவுக்குப் பின்னால் நின்று, "சகல, ஒரு நிமிஷம், இந்தத் தாழ்ப்பாள் கொஞ்சம் தகராறு, ஆமா, இந்த ரெண்டாவது பெட்டிய எந்த ஒயரத்துல வைக்கணும்?" என்று இழுத்துக்கொண்டிருந்தார். அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிடத்தில் எனக்குக் கரைந்துவிட்டது.

அக்காவின் மடங்காத விரல்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறை வழியாக ஓடி, இரும்புக் கதவைத் திறந்தேன். முன்வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "நான் அண்ணன் இல்ல சார், அண்ணனோட ஆளு. காலைல பெட்டி கொண்டு வந்தேனே."

சந்தில் ஒரு வேன் நின்றது. மேலே ஏணி கட்டியிருந்தது. பக்கக் கதவு திறந்தே இருந்தது. அதன்மேல் சாய்ந்து, கையில் போனோடு அத்தான் நின்றிருந்தார். முகத்தில் அதே சிரிப்பு.

"வா," என்றார் அக்காவிடம், சாப்பிடக் கூப்பிடுவதுபோல. "உடம்பு சரியில்லாதவ, இப்படி அலையலாமா?"

அக்காவின் கை என் கையில் தளர்ந்தது. அவளுடைய ஒரு கால் முன்னே போனது. அத்தனை வருஷப் பழக்கம் அந்தக் காலுக்கு. "சத்தம் போடாதடி," என்றாள் என்னிடம், உதடு மட்டும் அசைய. "மெல்ல."

இத்தனை நாளும் மெல்லப் பேசித்தான் இந்தச் சந்து வரைக்கும் வந்து சேர்ந்திருந்தோம். எதிரே இரண்டு பக்கமும் மூடிய ஜன்னல்கள். அவற்றுக்குப் பின்னால் எத்தனையோ பேர் இருந்தார்கள், எங்கள் வீட்டில் யார் இருப்பது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நாங்கள்தான்.

அக்காவின் இடுப்பை இரு கைகளாலும் வளைத்துப் பிடித்துக்கொண்டு, குளத்தின் அந்தக் கோடியில் மூழ்குகிற பிள்ளையைக் கூப்பிடுவதுபோலக் கத்தினேன். அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அக்காவின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கதவிடுக்கில் வைத்து நசுக்கிய கையைப் பற்றிக் கத்தினேன். தொண்டையில் ரத்தச் சுவை வந்தது, நிறுத்தவில்லை.

அத்தான் சிரித்துக்கொண்டேதான் எங்களை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். அவர் தலைக்கு மேலே முதல் ஜன்னல் திறந்தது.