பன்னிரண்டாவது கலூமிஷ்

கலூமிஷ் ஊரில் அன்றைக்கு மொத்தம் பதினொரு கலூமிஷ் இருந்தன. ஆறு, ஏரி, பள்ளிக்கூடம், பல் ஆஸ்பத்திரி, கார் கழுவுகிற இடம் என்று எல்லாவற்றுக்கும் அதே பெயர். அது அமெரிக்கப் பழங்குடிகளின் சேலிஷ் மொழிச் சொல். முதலில் ஆற்றுக்கு மட்டும்தான் இருந்தது. மற்றவை கேட்காமல் எடுத்துக்கொண்டன.

பூபாலனின் மனைவி சுகந்தி அவற்றில் ஒன்றில் நின்றுகொண்டிருந்தாள். நான்கு வருடம் விசாவுக்குக் காத்திருந்து, சங்கரன்கோவிலிலிருந்து நேர் பஸ்ஸில் வந்திருந்தாள். போன் செய்தாள்.

"கலூமிஷ்ல நிக்கேன். அஞ்சு மணிக்கு இதே பஸ் திரும்புது. நீங்க வரலைன்னா ஏறிருவேன்."

"எந்தக் கலூமிஷ்?"

"எதிர்ல ஒரு வெள்ளை நாய் படுத்துக் கெடக்கு."

மணி மூன்று. பூபாலன் ஓடினான்.

பள்ளிக்கூடத்தின் நடை நீண்டுகொண்டே போய் ஏரியில் முடிந்தது. ஏரி விடுமுறையில் இருந்தது. பல் ஆஸ்பத்திரியில் அவன் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, அந்த அம்மா இங்கே இல்லை என்றார்கள். நாய்கள் எல்லாம் கறுப்பு.

நாலரைக்குப் பெயர் அலுவலகத்தில் நின்றான். யார் எங்கே நிற்கிறார்கள் என்ற பட்டியல் அங்கேதான் இருந்தது. கவுன்டரில் இருந்த பெண் நல்ல மதுரைத் தமிழ் பேசினாள். பட்டியலைப் பார்க்கப் படிவம் வேண்டும், படிவத்தில் குடும்பப் பெயர் வேண்டும் என்றாள். அவன் சொரிமுத்து என்று எழுதினான்.

"இது உங்கப்பா பேருல்ல?"

"எங்களுக்கு அதான் மேடம். முதலெழுத்தாப் போட்டுக்குவோம்."

"உங்க மனைவிக்கு?"

"அவங்க அப்பா எழுத்து."

"அப்ப ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணுமே இல்ல."

காலியாக விடச் சொன்னான். காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அழும் என்றாள். உள்ளே ஏதோ விசும்பியது. மணி நாலே முக்கால்.

"எதையாவது போட்டு விடுங்க மேடம்."

அவள் கைக்கு அருகே இருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் குத்தினாள். கலூமிஷ். பிறகு பட்டியலைப் பார்த்து, இங்கே வரச் சொல்லி சுகந்திக்குச் செய்தி அனுப்பிவிட்டதாகவும், இனி அவன் எங்கும் அலைய வேண்டாம் என்றும் சொன்னாள்.

வாசலுக்கு வந்ததும் அவனால் நகர முடியவில்லை. நகராட்சி ஆட்கள் இருவர் அவன் காலடியில் கலூமிஷ் என்று எழுதிய பலகை நட்டார்கள். தோளை ஒட்டி ஒரு பெஞ்சு போட்டார்கள். அவன் கத்தினான். காற்று நன்றாக வீசுகிறது என்றார் ஒருவர்.

நாலு ஐம்பத்தைந்துக்கு சுகந்தி பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். பலகையைப் படித்தாள். பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். போன் செய்தாள். அவன் சட்டைப்பையில் மணி அடித்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரோ போனைத் தொலைச்சிட்டுப் போயிருக்காக," என்றாள்.

சரியாக ஐந்துக்கு பஸ் அங்கேயே வந்தது. வீட்டுக்காரர் வந்தாரா என்று டிரைவர் விசாரித்தார்.

"வரல," என்று படியில் கால் வைத்தாள் சுகந்தி. "இடம் மட்டும் நல்ல இடம்."